மூடியைத் தள்ளியவள்

அத்தியாயம் 4

துப்பறியும் நிபுணர் ராஜ்மோகன் தும்மினார்.

ஜனவரி பிறந்துவிட்டால் கொல்கத்தாவில் அவருக்கு இதே வேலைதான். குளிருக்குப் பயந்து குரங்குக் குல்லா, மஃப்ளர், கம்பளிச் சட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு, லேக் மார்க்கெட்டில் தன் வீட்டு முன்னறையையே அலுவலகமாக்கி உட்கார்ந்திருந்தார். வாசலில் 'ராஜ் டிடெக்டிவ்ஸ்' என்று பலகை. போன வருடம் அந்த நிறுவனம் சில பூனைகளையும் ஒரு கிளியையும் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தது. கிளி தானாகவே திரும்பி வந்தது என்பது தொழில் ரகசியம்.

"ராஜ்தா, மூக்கைத் துடைங்க. க்ளையன்ட் வந்திருக்கார்" என்றாள் நந்திதா. அவருடைய ஒரே உதவியாளர். பிறந்ததும் வளர்ந்ததும் இந்த ஊரில்தான். தமிழைவிட வங்காளம் சரளமாக வரும். 'தா', 'தாதா' எல்லாம் அதில் அண்ணன். கிண்டல் இரண்டிலும் சரளம். "இந்தத் தடவை தொலைஞ்சது மனுஷங்களாம். வாலே கிடையாது."

உள்ளே வந்த இளைஞன் பெயர் பிரவீண். நியூ டவுனில் ஐ.டி. வேலை. ராத்திரி தூங்காத கண்கள்.

"உங்க கார்டு ஒண்ணு கிடைக்குமா சார்?"

ராஜ்மோகன் இழுப்பறையைத் திறந்து, மூடினார். விசிட்டிங் கார்டு ஒரு கட்டு அச்சடித்தது உண்மை. அந்தக் கட்டு அப்படியே சமையலறையில் கிரைண்டரின் உடைந்த காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. முட்டுக் கொடுத்ததும் அவரேதான். "தீர்ந்துபோச்சு தம்பி. அவ்வளவு கேஸ்" என்றார்.

பிரவீண் கைபேசியில் ஒரு பாட்டைத் தட்டினான். மூச்சே விடாமல் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் பாடியது. அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. நந்திதா துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இது நிஜப் பொண்ணு இல்ல சார். சாஃப்ட்வேர் குரல். நாம வரியையும் மெட்டையும் டைப் பண்ணா அது பாடும். பண்றவங்க பேரு ஷிரோன்னு மட்டும்தான் தெரியும். உலகம் பூரா ரசிகர்கள் இருக்கோம். தினம் இந்தப் பாட்டுக்கு அர்த்தம் சொல்லிச் சண்டை போட்டுக்குவோம்."

"அர்த்தம் என்ன?"

பிரவீண் மொழிபெயர்ப்பைப் படித்தான்.

"வெள்ளையாய் இருந்தவளை நீரில் மூழ்கடித்தேன்.
இன்னொருத்தியின் கறுப்புத் தோலை உரித்தேன்.
கல் சுற்றுகிறது, கல் சுற்றுகிறது.
குளிரில் எழமாட்டாள் என்று
அவன் போர்வையை எடுத்து அவளுக்குச் சுற்றினேன்.
விடிந்ததும் அவளே மூடியைத் தள்ளினாள்."

"அடிப்பாவி" என்றார் ராஜ்மோகன். "ரெண்டு கொலை."

"இன்னும் இருக்கு சார்.

இந்த வீட்டில் ஒருவன் இருக்கிறான்.
காணாமல் போனவர்களையெல்லாம் தேடுகிறான்.
அவன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்."

"ஆவி!" என்றார் ராஜ்மோகன், உறுதியாக.

அப்போது அவர் மனைவி பாகீரதி காபித் தட்டோடு வந்தாள். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. அது எப்போதும் அங்கேதான் தொங்கும். ஏதோ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கிறாள் என்பது ராஜ்மோகனின் ஞானம். எந்தக் கம்பெனி, என்ன டைப் என்று கேட்கவேண்டும் என்று இருந்தார். நடுவில் கிளி கேஸ் வந்துவிட்டது.

"ஷிரோ ஜப்பான்லதான் இருக்காங்கன்னு நினைச்சோம்" என்று பிரவீண் தொடர்ந்தான். "பாட்டு நடுவுல பின்னாடி ஒரு ஆம்பளைக் குரல் கேக்கும். பேயை அழைக்கிற மந்திரம்னு வெளிநாட்டுல ஒருத்தர் கட்டுரையே எழுதினார். நான் கேட்ட உடனே கண்டுபிடிச்சேன் சார். அது 'ஷில் காட்டாவ்' சத்தம்."

அம்மிக்கல் கொத்துகிறவன் தெருவில் போடும் கூச்சல் அது. கொல்கத்தாவின் பழைய தெருக்களில் மட்டும் கேட்கும்.

"அப்ப ஆள் இந்த ஊரு!" ராஜ்மோகன் மேஜையில் தட்டினார். காபி தளும்பியது.

"நேத்து ஷிரோ ஒரு அறிவிப்புப் போட்டாங்க. 'ஞாயிறு மாலை கடைசிப் பாட்டு. அதற்குள் அவன் என்னைக் கண்டுபிடிக்காவிட்டால் நான் போய்விடுவேன்.' இன்னிக்குத்தான் சார் ஞாயிறு." பிரவீணின் குரல் கம்மியது. "போலீஸ்ல போய் என்னன்னு சொல்றது? பாடறது கம்ப்யூட்டர்னா சிரிப்பாங்க. நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடையாது. காய்ச்சல்ல கிடந்தப்ப இந்தப் பாட்டைத்தான் கேட்டுட்டுக் கிடந்தேன். அவங்க ஏதாவது பண்ணிக்கிட்டா என்னால தாங்க முடியாது சார்."

நந்திதா காபியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அந்தப் பொண்ணு கெடைப்பாளாங்க?" என்று கேட்டாள் பாகீரதி. தட்டை வைத்த பிறகும் அவள் போகவில்லை.

"பாகீ, கேஸ் நடக்குது. நீ உள்ளே போ."

"சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சிடுவீங்களா?"

"ராஜ்மோகன் கண்ணுலேர்ந்து யாரும் தப்ப முடியாது" என்றார் ராஜ்மோகன். பாகீரதி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

புறப்படுகிற அவசரத்தில், கூடத்தில் நின்ற சூட்கேஸில் முட்டி மோதி அவர் ஒற்றைக்காலில் ஆடினார். "பரண்ல இருக்கவேண்டிய பெட்டியை யார் நடுக்கூடத்துல வெச்சது?" என்று கத்திவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படியிறங்கினார். நந்திதா பெட்டியைப் பார்த்தாள். அதன்மேல் மடித்து வைத்திருந்த பட்டுப் புடவையையும் பார்த்தாள். பிறகு அவர் பின்னால் ஓடினாள்.

*

பிரவீணின் ஃப்ளாட் பதினெட்டாவது மாடியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே அதே மாதிரி இன்னும் பத்து கட்டடங்கள். உள்ளே ஷோபனா காத்திருந்தாள். ரசிகர் குழுவில் பிரவீணுக்கு அடுத்த இடம் அவளுக்கு. அர்த்தம் சொல்வதில் முதல் இடம்.

"அவங்க ரெண்டு பேரும் இரட்டைச் சகோதரிகள்" என்று ஆரம்பித்தாள் ஷோபனா. "ஒருத்தி வெள்ளை, ஒருத்தி கறுப்பு. ஒரே உயிரோட ரெண்டு பாதி. கல்லுங்கறது காலம். மூடின்னா மனசு."

"போர்வை?" என்றாள் நந்திதா.

"சமூகம்."

"அட, சமூகம் இவ்வளவு கதகதப்பாவா இருக்கு? எனக்குத் தெரியாம போச்சே."

ராஜ்மோகன் கையை உயர்த்தினார். காரில் வரும் வழியெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொண்டு வந்தது இதற்காகத்தான். தூங்கினார் என்று நந்திதா பிற்பாடு சொன்னால் நம்பவேண்டாம்.

"இது கொலையே இல்லை. இந்த ஊர்ல வெள்ளையா இருக்கிற எந்தப் பெண்ணைத் தண்ணியில மூழ்கடிக்கிறாங்க?" ஒரு நிமிடம் எல்லோரையும் பார்த்தார். "சரஸ்வதி! பூஜை முடிஞ்சதும் கங்கையில கரைக்கிறாங்களே, அந்த மண் சிலை. கறுப்புத் தோல்னா பழைய காளி சிலையோட பெயின்ட். சுத்தற கல் குயவரோட சக்கரம். இது சிலை கடத்தல். ஷிரோ குமார்துலியில சிலை செய்யற குடும்பத்துப் பொண்ணு. கடத்தலைப் பார்த்துட்டா. பாட்டாப் பாடிட்டா. காணாமல் போனவங்களைத் தேடறவன்னு வருதே, அவன்தான் கடத்தல் தலைவன்!"

பிரவீண் வாயைப் பிளந்தான். ஷோபனா வேகமாக டைப் அடிக்கத் தொடங்கினாள். ராஜ்மோகன் மீசையைத் தடவிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் இதைவிட அழகான ஒரு தவறை அவர் செய்ததில்லை. அது தவறு என்று தெரியாததால் அந்த நிமிடம் மகா சுகமாக இருந்தது.

"கரைச்ச சிலை விடிஞ்சதும் எப்படி ராஜ்தா மூடியைத் தள்ளும்?" என்றாள் நந்திதா.

"அதெல்லாம் கவித்துவம்."

"குயவர் சக்கரம் மரத்துல இல்ல செய்வாங்க?"

"நந்திதா."

"சரி, சரி. நான் வாயைத் திறக்கலை."

"சார், எதுக்கும் ஒரு தடவை இந்த ஸ்பீக்கர்ல கேளுங்க" என்றான் பிரவீண். "போன்ல கேட்டா அடிச் சத்தம் வராது. இதுல ஒரு இதயத் துடிப்பு கேக்கும். சாகப் போறவளோட துடிப்புன்னு ஒரு கட்சி. சவப்பெட்டிக்கு ஆணி அடிக்கிறாங்கன்னு இன்னொரு கட்சி."

அலமாரி உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். பாட்டு தரையிலிருந்து எழும்பியது. மூச்சில்லாத அந்தக் குரலுக்கு அடியில் ஒரு கனமான உறுமல் சுற்றிச் சுற்றி வந்தது.

உர்ர்ர்ர்ர்... டொக். கிறீச். உர்ர்ர்ர்ர்... டொக். கிறீச்.

ராஜ்மோகனின் கை மீசையில் அப்படியே நின்றது.

இந்த டொக்கை அவருக்குத் தெரியும். சனிக்கிழமை மத்தியானத் தூக்கத்தை இத்தனை காலமாகக் கெடுத்துக்கொண்டிருக்கிற டொக். கல் ஒரு சுற்று சுற்றி வரும்போது உடைந்த கால் அழுத்த, அடியிலிருக்கும் விசிட்டிங் கார்டு கட்டு அமுங்கி எழும். டொக் என்பது அந்த அமுக்கம். கிறீச் என்பது 'ராஜ்மோகன், துப்பறியும் நிபுணர்' என்று பளபளப்பாக அச்சடித்த அடிக் கார்டு தரையில் உராய்வது.

அவர் தும்மினார். அந்தத் தும்மலோடு மீதியெல்லாம் விழுந்தது.

வெள்ளையாய் இருந்தவள் அரிசி. கறுப்புத் தோல்காரி உளுந்து. தோல் உளுந்து போட்டால்தான் இட்லி மெத்தென்று வரும் என்று அடம் பிடிப்பவர் அவர், உட்கார்ந்து தோலைக் கழுவித் தள்ளுகிறவள் பாகீரதி. சென்னையில் அரைத்த மாவைச் சும்மா மூடி வைத்தாலே பொங்கிவிடும். கொல்கத்தா ஜனவரியில் பொங்காது. அதனால் பாகீரதி ஒவ்வொரு குளிர்காலமும் அவருடைய கனமான பஞ்சுப் போர்வையை உருவி மாவுப் பாத்திரத்துக்குச் சுற்றிவைப்பாள். அவர் மெல்லிய கம்பளியில் விறைத்துக்கொண்டு கிடந்து காலையில் தும்முவார். பாத்திரத்தின் மூடி தானே எழும்பியிருக்கும்.

பிரவீணுக்கு இது தெரிய நியாயமில்லை. அவன் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது பாக்கெட் மாவு. ஷோபனா கார்ன் ஃப்ளேக்ஸ் கட்சி. ஆனால் ராஜ்மோகன்? அந்த இட்லியை இன்று காலையில்கூட ஆறு தின்றவர்.

அப்புறம் இரண்டாவது பாதி நினைவுக்கு வந்தது. இந்த வீட்டில் ஒருவன் இருக்கிறான். காணாமல் போனவர்களையெல்லாம் தேடுகிறான். அவன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ராஜ்மோகன் குல்லாவை இழுத்து மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"சார்? என்ன சார்? ஏதாவது க்ளூவா?"

"தம்பி, ஷிரோ உயிருக்கு ஆபத்து ஒண்ணும் இல்லை" என்றார் மெதுவாக. "ஆபத்து வேற ஒருத்தனுக்கு. நந்திதா, வண்டி பிடி."

*

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார் காரில்.

"போர்வைன்னு வந்ததும் ஒரு சந்தேகம். எங்கம்மாவும் மாவுப் பாத்திரத்துக்கு லேப்பை, அதான் பஞ்சுப் போர்வையை, சுத்தித்தான் வெப்பாங்க" என்றாள் நந்திதா. "சூட்கேஸைப் பார்த்ததும் பக்குன்னு இருந்துச்சு. சொல்லலாம்னுதான் பார்த்தேன். அதுக்குள்ள நீங்க சரஸ்வதியைக் கூட்டிட்டு வந்துட்டீங்க. சாமி வர்றப்ப நான் குறுக்க வரலாமா?"

"பாகீக்கு ஜப்பான் பாஷை எப்படித் தெரியும்?"

"பௌதி அத்தனை வருஷமா கோல்பார்க்ல க்ளாஸ் போனாங்களே!" நந்திதாவுக்கு அண்ணி என்றால் பௌதி.

"அது... எம்ப்ராய்டரி இல்லையா?"

நந்திதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஜோக் அடிக்க அவளுக்கே மனம் வரவில்லை. "வீட்டுல ஒரு எம்ப்ராய்டரி துணியாவது பார்த்திருக்கீங்களா, ராஜ்தா?"

கரியாஹாட் முனையில் வண்டி நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சாலை வரைக்கும் வழிந்திருந்தது. புடவைக்காரர்கள் ஒரு பக்கம், ஸ்வெட்டர்க்காரர்கள் மறுபக்கம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் கண்டுபிடிக்காவிட்டால் அவள் போய்விடுவாள். எங்கே என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அவளுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிகிறது.

ராஜ்மோகன் கதவைத் திறந்து இறங்கி ஓடினார். குரங்குக் குல்லா ஒரு பக்கம் சாய, மஃப்ளர் ஒரு சட்டைக்காரனின் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு இரண்டு சட்டைகளோடு வந்தது. "சோர்! சோர்!" என்று கத்தினான் கடைக்காரன். நந்திதா பின்னால் வந்து சட்டைகளைத் திருப்பிக் கொடுத்தாள். "திருடன் இல்ல தாதா. டிடெக்டிவ். கிட்டத்தட்ட அதேதான்."

*

பாகீரதி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு சூட்கேஸின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, பேச மூச்சில்லாமல், நேரே சமையலறைக்குப் போனார். குனிந்து கிரைண்டர் காலின் அடியிலிருந்து கார்டு கட்டை உருவி எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். அடிக் கார்டில் 'நிபுணர்' தேய்ந்துபோயிருந்தது.

"ஷிரோ" என்றார்.

பாகீரதி ஹெட்போனைக் கழற்றினாள். "யாராவது சொன்னாங்களா, நீங்களே கண்டுபிடிச்சீங்களா?"

"டொக்குன்னு கேட்டுச்சு." அவர் தரையில் உட்கார்ந்தார். "எங்கே போறே பாகீ?"

"சென்னைக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஜப்பான்காரங்க ஃபேக்டரியில மொழிபெயர்ப்பாளர் வேலை. டிக்கெட் எடுத்தாச்சு. ஹவுராவுல ராத்திரி வண்டி."

"என்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"சொன்னேங்க. இன்டர்வியூ வந்தப்ப சொன்னேன். நீங்க பூனை போட்டோ பார்த்துக்கிட்டு 'ம்'னீங்க. வேலை கிடைச்சப்ப சொன்னேன். 'ம்'னீங்க. நேத்து சாப்பிடறப்ப, போகட்டுமான்னு கேட்டேன். 'போ, வர்றப்ப கதவைச் சாத்திட்டு வா'ன்னீங்க."

அவருக்கு ஞாபகம் இருந்தது. அந்த 'ம்' எல்லாமே ஞாபகம் வந்தது. எது எதற்கு என்பதுதான் ஞாபகம் இல்லை.

"இந்தப் பாட்டு எல்லாம் எதுக்கு பாகீ?"

"நான் பேசினா இந்த வீட்டுல யாருக்கும் கேக்கலை. மெஷினைப் பேச வெச்சேன், ஊரு உலகமே கேக்குது." அவள் குரல் உயரவில்லை. "மாவு அரைக்கிறதைத்தான் எழுதினேன். என் நாள்ல வேற என்ன நடக்குது? அவங்க கொலைன்னாங்க, ஆவின்னாங்க. தப்புத்தப்பா இருந்தாலும், ஒவ்வொரு வார்த்தையையும் உக்காந்து யோசிச்சாங்க. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. இன்னிக்குக் காலையில உங்க எதிரிலேயே நின்னு கேட்டேன். உள்ளே போன்னீங்க."

ராஜ்மோகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மூக்கையும். வாசலில் நின்ற நந்திதா தெருவை மிக அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டோட அர்த்தத்தை நீயே சொல்லு" என்றார். "முதல் வரியிலேர்ந்து. நான் குறுக்க பேசலை. எனக்கு அர்த்தம் சொல்லவே வராதுன்னு இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவள் ஹெட்போனை அவர் தலையில், குரங்குக் குல்லாவின் மேலேயே மாட்டினாள். பிறகு, அப்படி ஒன்றும் கேட்காது என்று, குல்லாவைக் கழற்றிவிட்டு மாட்டினாள். ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் ஒரு 'ம்' கூடப் போடவில்லை.

முடிந்ததும், "போகவேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் இல்லை" என்றார். "சரஸ்வதி பூஜை கழிச்சு நானும் வரட்டுமா? சென்னையிலயும் பூனைங்க தொலையும் இல்லையா?"

பாகீரதி அவரையே பார்த்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"வாங்க. அங்க மாவு தானே பொங்கிடும். போர்வை உங்களுக்கே."

*

டாக்ஸி ஹவுரா பாலத்தில் ஊர்ந்தது. பாகீரதி லேப்டாப்பில் ஏதோ தட்டினாள். "கடைசி வரியை மாத்தறேன். ரெண்டு எழுதி வெச்சிருந்தேன், ரெண்டும் இப்ப சரியா வரலை."

"கண்டுபிடிக்காம இருந்திருந்தா எந்த வரி?"

"அது எதுக்கு இப்ப?" என்று அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

நிலையத்தில் இறங்கியதும் ராஜ்மோகன் போர்ட்டரைத் தடுத்துவிட்டு, வீட்டில் செய்ததுபோலவே தானே பெட்டியைத் தூக்கினார். சக்கரம் வைத்த பெட்டிதான். ஆனாலும் தூக்கினார். நாலு அடி போவதற்குள் மூச்சு வாங்கியது.

"உருட்டலாம் ராஜ்தா" என்றாள் நந்திதா. "மனுஷங்க சக்கரத்தைக் கண்டுபிடிச்சு ரொம்ப நாளாச்சு. அந்தக் கேஸ் நம்மகிட்ட வரலை."

அவர் கைபேசி அடித்தது. பிரவீண்.

"சார்! கடைசிப் பாட்டு வந்துடுச்சு! ஷிரோ நல்லா இருக்காங்களா? பார்த்தீங்களா?"

"பார்த்தேன் தம்பி. நல்லா இருக்காங்க. இதுக்கு மேல கேக்காதீங்க. ஃபீஸும் வேண்டாம்."

மறுமுனையில் பிரவீண் நீண்ட மூச்சு விட்டது கேட்டது. அழுதானோ என்னவோ. பிறகு ரசிகன் திரும்பி வந்துவிட்டான். "சார், கடைசி வரி கேளுங்க. 'அவன் கண்டுபிடித்துவிட்டான். மூக்கை உறிஞ்சுகிறான். என் பெட்டியைத் தூக்கி வருகிறான்.' குரூப்ல பயங்கரச் சண்டை சார். மூக்குன்னா பிராணன்கறாங்க ஷோபனா. பெட்டின்னா நிச்சயமா சவப்பெட்டிதானே? உங்க கருத்து என்ன சார்?"

ராஜ்மோகன் நின்றார். முன்னால் பாகீரதி திரும்பிப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"இல்ல தம்பி" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பெட்டின்னா பெட்டிதான். ரொம்பக் கனமா இருக்கு."